காரின் எச்சரிக்கை விளக்கு: ஆக்சிஜன் சென்சார் சூடேற்றிச் சுற்றின் பழுதைக் கண்டறியும் முறை

இன்று கிராமங்களில் மோட்டார் கார் அரிய பொருளன்று. காய்கறியையும் பூவையும் விடியற்காலையில் சந்தைக்குக் கொண்டு செல்லும் சிறிய பெட்ரோல் வேன்களும், நோயாளியை நள்ளிரவில் மருத்துவமனைக்கு ஏற்றிச் செல்லும் கார்களும் ஏறக்குறைய எல்லா ஊர்களிலும் உள்ளன. இவ்வண்டிகளை ஓட்டுவோர் பலர் ஏதேனும் ஒரு நாள் முகப்புப் பலகையில் எஞ்சின் வடிவிலான மஞ்சள் விளக்கு ஒன்று எரிவதைக் கண்டிருப்பர். வண்டி ஓடுகிறது; சத்தத்திலும் மாறுதல் இல்லை; விளக்கு மட்டும் அணைவதில்லை.

இந்நிலையில் மக்கள் இருவகையாக நடந்து கொள்கின்றனர். ஒரு சாரார், ஓடும் வண்டிக்கு வைத்தியம் எதற்கு என்று விளக்கைப் பொருட்படுத்தாமல் விட்டுவிடுகின்றனர். மற்றொரு சாரார், பணிமனையில் கருவி காட்டிய பெயரைக் கேட்டவுடன் அந்த உறுப்பையே புதிதாக வாங்கிப் பொருத்திவிடுகின்றனர். இரண்டிலும் பொருள் நட்டம் உண்டு. இவ்விளக்கு எரிவதற்கான காரணங்களுள் அடிக்கடி காணப்படும் ஒன்று, ஆக்சிஜன் சென்சாரின் சூடேற்றிச் சுற்றில் ஏற்படும் பழுதாகும். அதனை முறைப்படி கண்டறிவது எவ்வாறு என்பதை இக்கட்டுரை விளக்கும்.

உணர்கருவி செய்யும் வேலை

எத்தனால் கலவாத பெட்ரோல் சரியாக எரிவதற்கு, எடையளவில் 1 பங்கு பெட்ரோலுக்கு ஏறத்தாழ 14.7 பங்கு காற்று வேண்டும். எத்தனால் கலந்த பெட்ரோலுக்கு இவ்வளவு சற்றுக் குறையும். காற்று குறைந்தால் பெட்ரோல் வீணாகிப் புகையில் நச்சு வாயு மிகும். காற்று மிகுந்தால் எஞ்சினின் வலிமை குன்றும். இந்த அளவை இடைவிடாது கவனித்துச் சொல்வதற்காகப் புகைக் குழாயில் திருகப்பட்டிருக்கும் சிறிய கருவியே ஆக்சிஜன் சென்சார் என்பது. பிராணவாயுவை அறியும் உணர்கருவி என்பது அதன் பொருள்.

இக்கருவியின் முனையில் சிர்க்கோனியம் ஆக்சைடு என்னும் பீங்கான் போன்ற பொருள் உள்ளது. அதன் ஒரு பக்கத்தைப் புகையும், மறு பக்கத்தை வெளிக் காற்றும் தொட்டு நிற்கும். இரு பக்கங்களிலும் உள்ள பிராணவாயுவின் அளவு வேறுபடும்போது அது ஒரு சிறு மின்னழுத்தத்தைத் தோற்றுவிக்கும். கலவையில் பெட்ரோல் மிகுந்தால் சுமார் 0.9 வோல்ட்டும், காற்று மிகுந்தால் சுமார் 0.1 வோல்ட்டும் காட்டும். எஞ்சினின் மூளையாக விளங்கும் மின்னணுக் கட்டுப்பாட்டுப் பெட்டி இதனைப் படித்து, பெட்ரோலைக் கூட்டியும் குறைத்தும் செலுத்துகிறது. இப்பெட்டியைப் பணிமனைகளில் ஈ.சி.யூ. என்பர்.

காடலிடிக் கன்வெர்ட்டர் எனப்படும் புகை சுத்திகரிப்புக் கலத்திற்கு முன்னால் ஓர் உணர்கருவியும், பின்னால் மற்றொன்றும் இருப்பது இக்காலக் கார்களில் வழக்கம். முன்னது கலவையைச் சீர்படுத்துவதற்கு. பின்னது கலம் சரியாக வேலை செய்கிறதா என்று மேற்பார்ப்பதற்கு.

சூடேற்றி எதற்கு?

இப்பீங்கான் முனை குளிர்ந்திருக்கும்போது ஊமையாக இருக்கும். சுமார் 300 டிகிரி சென்டிகிரேட் வெப்பத்திற்கு மேற்பட்டால்தான் அது சரிவரப் பேசும். 1976-ஆம் ஆண்டில் பாஷ் கம்பெனி தயாரித்த இக்கருவி முதன்முதலாக வால்வோ கார்களில் பொருத்தப்பட்டது. அப்போது புகையின் சூட்டினாலேயே அது காய வேண்டியிருந்தது. அதற்குச் சில நிமிடங்கள் பிடித்தன. வண்டி நின்று மெதுவாக இயங்கும்போது மீண்டும் ஆறிவிடுவதும் உண்டு. இக்குறையைப் போக்க 1982-இல் உள்ளேயே மின்சாரச் சூடேற்றி அமைத்த உணர்கருவி வந்தது. இன்றைய கார்களில் இருப்பவை யாவும் இவ்வகையினவே. வண்டியைக் கிளப்பிய ஒரு நிமிடத்திற்குள்ளாகவே உணர்கருவி வேலைக்கு ஆயத்தமாகிவிடுகிறது.

சூடேற்றி கெட்டுப்போனால் உணர்கருவி பேசத் தாமதமாகும். அதுவரை ஈ.சி.யூ. கண்ணை மூடிக்கொண்டு உத்தேசமாகப் பெட்ரோலைச் செலுத்தும். வீட்டிலிருந்து வயலுக்கும், வயலிலிருந்து கடைக்கும் எனச் சிறு தூரம் ஓடி ஓடி நிற்கும் கிராமத்து வண்டிகளுக்கு இதனால் நட்டம் அதிகம்.

மின்சாரம் செல்லும் பாதை

பழுதைக் கண்டறிவதற்கு முன் பாதையை அறிதல் வேண்டும். பாட்டரியிலிருந்து புறப்படும் மின்சாரம் ரிலேயையும் பியூஸையும் கடந்து, ஒரு கம்பியின் வழியாக உணர்கருவியின் கனெக்டரை அடைகிறது. அங்கிருந்து சூடேற்றியினுள் சென்று, மற்றொரு கம்பியின் வழியாக ஈ.சி.யூ.வுக்கு வருகிறது. ஈ.சி.யூ. அக்கம்பியை எர்த்துடன் இணைக்கும்போது சூடேற்றி காய்கிறது, துண்டிக்கும்போது நின்றுவிடுகிறது. பெரும்பாலான கார்களில் அமைப்பு இதுவே. முதற் கம்பியை வழங்கு கம்பி என்றும், இரண்டாவதைக் கட்டுப்பாட்டுக் கம்பி என்றும் இக்கட்டுரையில் குறிப்பிடுவோம்.

இவற்றுள் எந்த ஓரிடத்தில் தடை நேர்ந்தாலும் எரியும் விளக்கு ஒன்றே. விவசாயிகளுக்கு இது புதிய பாடமன்று. பம்புசெட் ஓடாவிட்டால் உடனே நீர்மூழ்கி மோட்டாரை ஆழ்துளைக் கிணற்றிலிருந்து மேலே தூக்குவார் உண்டோ? முதலில் மின்சாரம் வருகிறதா என்று பார்ப்பர்; பிறகு பியூஸ், ஸ்டார்ட்டர், கேபிள் என வரிசையாகச் சோதிப்பர்; எல்லாம் சரியாக இருந்தால்தான் மோட்டாரைத் தூக்குவர். அதே ஒழுங்கு காருக்கும் பொருந்தும்.

குறியீட்டின் பொருள்

ஸ்டியரிங்குக்குக் கீழே 16 முனைகள் கொண்ட ஒரு சோதனை வாய் இருக்கும். அதில் ஸ்கேனர் கருவியைச் செருகினால் பழுதின் குறியீட்டு எண் தெரியும். செல்பேசியுடன் இணைத்துப் படிக்கக்கூடிய சிறு ஸ்கேனர்களும் கிடைக்கின்றன. பி 0135 என்பது முன் உணர்கருவியின் சூடேற்றிச் சுற்றையும், பி 0141 என்பது பின் உணர்கருவியின் சூடேற்றிச் சுற்றையும் குறிக்கும். பி 0031, பி 0037 ஆகியவை முறையே முன், பின் சுற்றுக்களில் அளவு குறைந்திருப்பதையும், பி 0032, பி 0038 ஆகியவை அளவு மிகுந்திருப்பதையும் தெரிவிக்கும்.

இங்கே கவனிக்க வேண்டிய சொல் சுற்று என்பதாகும். உணர்கருவி கெட்டது என்று குறியீடு சொல்லவில்லை. உணர்கருவி உட்பட அந்தப் பாதை முழுவதிலும் எங்கேயோ பழுது என்றுதான் சொல்கிறது. எந்தத் தெருவில் தீ என்று அது சொல்கிறது. எந்த வீட்டில் என்று நாம்தான் பார்க்க வேண்டும்.

குறியீடுகள் யாவற்றையும் அழிப்பதற்கு முன் ஒரு தாளில் எழுதிக்கொள்க. முன், பின் இரண்டு சூடேற்றிகளின் குறியீடுகளும் ஒன்றாக வந்திருந்தால், இரண்டு உணர்கருவிகளும் ஒரே நாளில் கெட்டிருத்தல் அரிது. இரண்டுக்கும் பொதுவான பியூஸ் அல்லது ரிலேயைத்தான் முதலில் ஐயுற வேண்டும். ஒன்று மட்டும் வந்திருந்தால் அதன் தனிக் கிளையில் தேட வேண்டும்.

சோதனைக்கு முன் எச்சரிக்கைகள்

புகைக் குழாய் தோலை உரிக்கும் சூடு உடையது. எனவே வண்டி நன்றாக ஆறிய பின்னரே கை வைக்க வேண்டும். ஜாக்கியை மட்டும் நம்பி வண்டியின் அடியில் நுழைதல் கூடாது. உறுதியான தாங்கிகளை வைத்து, சக்கரங்களுக்கு அடைப்பும் கொடுக்க வேண்டும். கதவடைத்த கொட்டகையில் எஞ்சினை ஓடவிடுதல் உயிருக்கே ஆபத்து. புகையிலுள்ள கார்பன் மோனாக்சைடுக்கு மணமும் இல்லை, நிறமும் இல்லை. கம்பிகளின் மேலுறையை ஊசியால் குத்திச் சோதிப்பதையும் விலக்க வேண்டும். அத்துளை வழியாக நீர் புகுந்து பின்னர் கம்பி அரித்துப்போகும்.

தேவைப்படும் கருவிகள் மூன்றே: ஒரு மல்டிமீட்டர், இரு கம்பிகள் கோத்த 21 வாட் இண்டிகேட்டர் பல்பு ஒன்று, அவ்வண்டிக்குரிய பழுதுபார்ப்புக் கையேடு அல்லது கம்பி வரைபடம்.

சோதனைகள்

1. கண்ணால் பார்த்தல். உணர்கருவியிலிருந்து கனெக்டர் வரையிலும், அதற்கு அப்பாலும் கம்பியைத் தொடர்ந்து பாருங்கள். பிடிப்பு கழன்ற கம்பி சூடான குழாயின் மேல் சாய்ந்து உருகியிருக்கலாம். கரடான வண்டிப்பாதையில் கல் பட்டோ, வயலோரத்துக் கட்டைகளில் சிக்கியோ பின் உணர்கருவியின் கம்பி அறுந்திருக்கலாம். நெல்லும் தீவனமும் வைக்கும் கொட்டகையில் நிறுத்தும் வண்டிகளில் எலி கடித்தல் சர்வசாதாரணம். கனெக்டரினுள் பச்சை பூத்திருந்தால் நீர் புகுந்துள்ளது என்று அறியலாம்.

2. பியூஸ். கையேட்டைப் பார்த்துச் சூடேற்றிக்குரிய பியூஸைக் கண்டுபிடித்துச் சோதியுங்கள். எரிந்து போயிருந்தால் அதே ஆம்பியர் அளவுள்ள புதியதைப் போட வேண்டும். பெரிய அளவுள்ளதைப் போடுவதும், கம்பியைச் சுற்றிவைப்பதும் வண்டியே தீப்பற்ற இடம் தரும். புதிய பியூஸும் எரிந்தால், வழங்கு கம்பி எங்கோ வண்டியின் உலோகத்தைத் தொடுகிறது, அல்லது சூடேற்றி உள்ளுக்குள் ஒட்டிப்போயிருக்கிறது என்பது உறுதி.

3. வழங்கு மின்சாரம். உணர்கருவியின் கனெக்டரைக் கழற்றி, வண்டிப் பக்கமுள்ள கனெக்டரில் வழங்கு கம்பியின் முனைக்கும் பாட்டரியின் நெகட்டிவ் முனைக்கும் இடையே மின்னழுத்தத்தை அளவிடுங்கள். சாவியைத் திருப்பியதும் ஏறத்தாழ 12 வோல்ட் இருக்க வேண்டும். சில வண்டிகளில் எஞ்சின் ஓடும்போதுதான் இம்மின்சாரம் வரும்.

மீட்டர் 12 வோல்ட் காட்டிவிட்டதாலேயே திருப்தியடைந்துவிடக் கூடாது. பல இழைகள் அறுந்து ஓரிழை மட்டும் மிஞ்சிய கம்பியும் மீட்டருக்கு 12 வோல்ட் காட்டும்; சுமை ஏற்றினால்தான் அதன் உண்மை வெளிப்படும். ஆகவே அதே இடத்தில் 21 வாட் பல்பை இணைத்துப் பாருங்கள். அது இழுக்கும் மின்னோட்டம் ஏறத்தாழ 1.75 ஆம்பியர், பல சூடேற்றிகள் இழுப்பதற்கு நெருங்கிய அளவு. பல்பு முழு ஒளியுடன் எரிந்தால் பாதை நன்று. மங்கினால் கம்பியிலோ, ரிலேயிலோ, இணைப்பிலோ அரிப்பு உள்ளது. இப்பல்பை வழங்கு கம்பியில் மட்டுமே பயன்படுத்த வேண்டும், ஈ.சி.யூ.வுக்குச் செல்லும் கம்பிகளில் இணைத்தல் கூடாது.

4. சூடேற்றியின் தடை. கனெக்டர் கழற்றிய நிலையில், உணர்கருவிப் பக்கத்திலுள்ள இரண்டு சூடேற்றிக் கம்பிகளுக்கு இடையே ஓம் அளவைப் பாருங்கள். நான்கு கம்பிகள் கொண்ட கருவிகள் பலவற்றில் சூடேற்றிக் கம்பிகள் இரண்டும் ஒரே நிறமாக இருக்கும்; வெள்ளை நிறம் பெருவழக்கு. எனினும் தயாரிப்பாளருக்குத் தக்கபடி நிறம் மாறும் ஆதலால் கையேட்டைப் பார்த்தே உறுதி செய்ய வேண்டும்.

கருவி ஆறியிருக்கும்போது அளத்தல் அவசியம். சூடேறினால் தடை உயர்ந்துவிடும். சில வகைகளில் 3 ஓம் அளவாகவும், வேறு சிலவற்றில் 11 முதல் 16 ஓம் வரையிலும் இருப்பது இயல்பு. சரியான அளவைக் கையேடு கூறும். மீட்டரின் கம்பிகளை ஒன்றோடொன்று தொடச் செய்து, காட்டும் அளவைக் கழித்துக்கொள்க. முடிவிலி காட்டினால் சூடேற்றி அறுந்துவிட்டது. ஏறக்குறைய 0 காட்டினால் ஒட்டிவிட்டது. இவ்விரு நிலைகளில்தான் உணர்கருவியை மாற்ற வேண்டும். சூடேற்றிக் கம்பிக்கும் கருவியின் உலோக உடலுக்கும் இடையே தொடர்பு காணப்பட்டாலும் கருவி கெட்டதே.

5. கட்டுப்பாட்டுக் கம்பி. முன் சொன்ன யாவும் சரியாக இருந்தால், கனெக்டரை மீண்டும் பூட்டி, அதன் பின்புறமாக மெல்லிய முனையை நுழைத்துக் கட்டுப்பாட்டுக் கம்பியில் மின்னழுத்தத்தைப் பாருங்கள். சூடேற்றி ஓய்ந்திருக்கையில் பாட்டரியின் அளவு தெரியும். குளிர்ந்த எஞ்சினைக் கிளப்பியதும் அது கீழே இறங்க வேண்டும். ஈ.சி.யூ. விரைவாக இணைத்தும் துண்டித்தும் இயக்குவதால் இடைப்பட்ட ஓர் அளவை மீட்டர் காட்டலாம்; அது பழுதன்று.

எப்போதும் பாட்டரி அளவே காட்டினால், கம்பி ஈ.சி.யூ.வை அடையுமுன் அறுந்துள்ளது, அல்லது ஈ.சி.யூ. எர்த்தைத் தரவில்லை. எப்போதும் 0 காட்டினால், கம்பி உலோகத்தைத் தொடுகிறது, அல்லது ஈ.சி.யூ.வின் உட்பகுதி ஒட்டியுள்ளது. பாட்டரியின் நெகட்டிவ் முனையைக் கழற்றிய பின், ஈ.சி.யூ.வின் கனெக்டரையும் உணர்கருவியின் கனெக்டரையும் நீக்கி, அக்கம்பி ஒரு கோடி முதல் மறுகோடி வரை தொடர்ச்சியாக உள்ளதா, உலோகத்தைத் தொடாமல் உள்ளதா என்று அறியலாம். கம்பியும் குற்றமற்றது என்று தெளிந்தபின், இறுதியாகத்தான் ஈ.சி.யூ.வை ஐயுற வேண்டும். அதனைத் தேர்ந்தவரிடம் காட்டுதல் நலம்.

ஓர் எடுத்துக்காட்டு

ஒரு வண்டியில் பி 0135, பி 0141 ஆகிய இரண்டும் வந்திருப்பதாகக் கொள்வோம். பியூஸ் எரிந்திருக்கிறது. புதியது போட்டதும் விளக்கு அணைகிறது. நான்கு நாட்களில் மீண்டும் பியூஸ் எரிகிறது. இரண்டு சூடேற்றிகளையும் அளந்தால் ஒவ்வொன்றும் 6 ஓம்; கையேட்டின் அளவும் அதுவே. 12 வோல்ட்டை 6 ஓமால் வகுத்தால் 2 ஆம்பியர்; ஆகச் சூடேற்றிகளின் மேல் குற்றமில்லை. கம்பியைத் தொடர்ந்து பார்க்கையில், முன் உணர்கருவியின் அருகே பிளாஸ்டிக் பிடிப்பு முறிந்து, வழங்கு கம்பி புகைக் குழாயின் மேல் படிந்து, உறை உருகியிருப்பது தெரிகிறது. பள்ளத்தில் வண்டி குலுங்கும்போதெல்லாம் செம்பு உலோகத்தைத் தொட்டிருக்கிறது.

கம்பியைச் சீராக்கி, வெப்பம் தாங்கும் உறையிட்டு, புதிய பிடிப்பில் நிறுத்தினால் வேலை முடிந்தது. செலவு மிகச் சிறிது. இவ்வண்டிக்கு இரண்டு உணர்கருவிகளையும் புதிதாக வாங்கியிருந்தால் பல ஆயிரம் ரூபாய் செலவாகியிருக்கும். அதன் பின்னும் பியூஸ் எரிந்தே இருக்கும்.

புதிய கருவியைப் பொருத்தும்போது

சோதனையில் சூடேற்றி கெட்டது என்று தெளிவானால் மாற்றத்தான் வேண்டும். அவ்வண்டிக்கென்றே குறிக்கப்பட்ட கருவியை வாங்க வேண்டும். மரை பொருந்துகிறது என்பது போதாது. சூடேற்றியின் ஓம் அளவு வேறானால் அதே குறியீடு திரும்ப வரும். மரையில் பூசும் பசை முனையில் படக் கூடாது. கருவியின் சொந்தக் கம்பிகளை ஈயப் பற்று வைத்து இணைத்தலும் கூடாது. வெளிக் காற்று அக்கம்பி இழைகளின் இடைவெளி வழியாகவே பல கருவிகளின் உள்ளே செல்கிறது. பற்று அவ்வழியை அடைத்துவிடும். இதே காரணத்தால் அதன் கனெக்டரில் கிரீஸ் தடவுவதும், மருந்து தெளித்துத் துடைப்பதும் தவிர்க்கத் தக்கவை.

பொருத்திய பின் குறியீட்டை அழித்துவிட்டு, இரவு முழுவதும் வண்டியை ஆறவிட்டு, காலையில் கிளப்பி ஓட்டிப் பார்க்க வேண்டும். பல வண்டிகளில் அடுத்தடுத்த இரண்டு ஓட்டங்களில் பழுது தென்பட்டால்தான் விளக்கு எரியும். ஆதலால் இரண்டு மூன்று நாட்கள் காத்திருந்து, மறுபடி ஸ்கேனர் வைத்துப் பார்த்த பின்னரே வேலை நிறைவேறியதாகக் கொள்க.

அசட்டை செய்தால் நேரும் நட்டம்

நிலையாக எரியும் மஞ்சள் விளக்கைக் கண்டு நடுவழியில் அஞ்சி நிறுத்த வேண்டியதில்லை. ஊர் போய்ச் சேர்ந்து சோதிக்கலாம். விட்டுவிட்டு மின்னினால் மட்டும், எஞ்சினில் தீப்பொறி தவறுகிறது என்று அறிந்து உடனே வேகத்தைக் குறைத்து, தக்க இடத்தில் நிறுத்துதல் வேண்டும்.

ஆனால் நிலையாக எரியும் விளக்கை மாதக்கணக்கில் மறந்திருப்பதும் தவறு. மிகுதியாகச் சென்ற பெட்ரோல் காடலிடிக் கன்வெர்ட்டரில் எரிந்து அதனைப் பழுதாக்கலாம். அதன் விலை உணர்கருவியின் விலையைவிடப் பன்மடங்கு. புகைச் சோதனைச் சான்று பெறுவதிலும் இடர்ப்பாடு நேரலாம். அன்றியும், ஒரு சிறு பழுதுக்காக விளக்கு ஏற்கனவே எரிந்துகொண்டிருந்தால், நாளை பெரிய பழுது ஒன்று நேரும்போது அதனை அறிவிக்க வேறு விளக்கு இல்லை. காவல் நாய் ஓயாமல் குரைத்துக்கொண்டிருக்கும் வீட்டில் கள்ளன் வந்ததை எவர் அறிவர்?

ஊரில் மோட்டார் மெக்கானிக் தொழில் கற்ற இளைஞர் இருந்தால், பஞ்சாயத்து உறுப்பினர்கள் அவருக்கு ஊக்கமளித்தல் நன்று. விவசாயிகள் குழுவாகச் சேர்ந்து ஒரு ஸ்கேனரையும் நல்ல மல்டிமீட்டரையும் பொதுவில் வாங்கி வைப்பின், அது ஊரிலுள்ள எல்லா வண்டிகளுக்கும் பயன்படும். வெளியூர்ப் பணிமனைக்குச் செல்ல நேர்ந்தாலும், பாகத்தை மாற்ற வேண்டும் என்பவரிடம் இரண்டு வினாக்களைக் கேட்கத் தவறாதீர்கள்: பியூஸும் வழங்கு மின்சாரமும் சோதிக்கப்பட்டனவா? சூடேற்றியின் தடை எத்தனை ஓம், கையேட்டில் உள்ளது எத்தனை? இவ்விரண்டுக்கும் எண்ணால் விடை கிடைத்த பின்னர் பணத்தைச் செலவிட்டால், அப்பணம் வீண்போகாது.